நீல விரிப்பு

விரிப்பு தீர்ந்துபோன அன்றுதான் சுடலைவடிவு அதைச் சொன்னாள்.

"டாக்டரம்மா, லைட்டு வச்ச நாய் எல்லாம் ஈரக் காலோட போவுது."

பியூலா கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"நீங்க தொடச்ச தண்ணியா இருக்கும் வடிவக்கா."

"நான் இன்னும் தொடைக்கவே இல்ல. வாளி வெளிய கெடக்கு."

"அப்ப ஒண்ணுக்குப் போயிருக்கும்."

"முப்பது வருசமா தரை தொடைக்கேன். ஒண்ணுக்கு எது, வேர்வை எதுன்னு எனக்குத் தெரியாதா?"

பியூலா சிரித்துவிட்டு அடுத்த நாயைக் கூப்பிட்டாள். வாசலில் ஒன்பது நாய்கள் காத்திருந்தன. பாளையங்கோட்டையில் அவளுடைய ஆஸ்பத்திரி கீழே, வீடு மேலே. அந்த ஐப்பசி மழையில் வழியில் எங்கோ பாலம் மூழ்கி, சென்னையிலிருந்து வரவேண்டிய லாரி நின்றுவிட்டது. விரிப்பு அதில் இருந்தது.

நாய்களுக்கு லேசர் வைப்பது புதிதல்ல. பியூலா படித்த காலத்திலேயே இருந்தது. மூட்டு வலிக்கும் காயத்துக்கும் வைப்பார்கள். ஆறு வாரம் விடாமல் வரவேண்டும். குணம் தெரியலாம், தெரியாமலும் போகலாம். அவள் தம்பி கிங்ஸ்லி நான்கு நண்பர்களோடு சேர்ந்து உருவாக்கிய தண்ணொளி அப்படி இல்லை. அது முதல் நாளே நாயை நடக்க வைத்தது.

செய்முறை எளிது. நாய்க்கும் ஆளுக்கும் கறுப்புக் கண்ணாடி மாட்டவேண்டும். பேனா போன்ற முனையை வலிக்கும் மூட்டின் மேல் ஆறு நிமிடம் மெல்ல நகர்த்தவேண்டும். பிறகு காதுக்குப் பின்னால் இரண்டு நிமிடம் அசையாமல் வைக்கவேண்டும். அது நாயை அமைதிப்படுத்துவதற்கு என்று கிங்ஸ்லி சொல்லியிருந்தான். முடிந்ததும் நாயை இறக்கி, மேசையிலிருந்து வாசல் வரை போட்டிருக்கும் நீல விரிப்பில் நடத்திக்கொண்டு போகவேண்டும். வழுக்காமல் இருக்க. ஒன்பது நாளைக்கு ஒருமுறை இதையே திரும்பச் செய்யவேண்டும்.

விரிப்பைக் கம்பெனியே அனுப்பியது. பழைய விரிப்புகளைக் கம்பெனியே மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போனது.

அன்று மதியம் கோமதிநாயகம் சார் சுக்குவோடு வந்தார். கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். சுக்கு அவருடைய பதினோரு வயது லாப்ரடார். இரண்டு வருஷத்துக்கு முன் அதை ஒரு போர்வையில் வைத்து இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தது. தண்ணொளி வைத்த எட்டாவது நிமிடம் அது எழுந்து நின்றது. விரிப்பில் நடந்து வாசலுக்குப் போனது. கோமதிநாயகம் சார் தெருவில் நின்று அழுதார். பியூலா அதைப் போனில் படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பினாள். அந்தப் படத்தைப் பிறகு ஊரெல்லாம் பார்த்தது. அதன் முடிவில் அவள் முகம் வரும். "நான் கால்நடை மருத்துவர் பியூலா. இதை என் கையால் செய்தேன்."

"நேத்து மைதானத்துல நாலு ரவுண்டு டாக்டர்" என்றார் கோமதிநாயகம் சார். "நான்தான் உக்காந்துட்டேன். இவன் உக்காரல."

"பந்து போடுறீங்களா?"

"பந்து இல்லாம வீட்டுக்கு வரமாட்டான். கெழட்டுப் பய."

பியூலா வழக்கம்போல ஒளியை வைத்தாள். இடுப்பில் ஆறு நிமிடம், காதுக்குப் பின்னால் இரண்டு. சுக்கு அசையவில்லை. இறக்கிவிட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு வெறும் கடப்பா கல்லில் நடந்து போனது.

அவள் தரையைப் பார்த்தாள்.

நான்கு கால்களின் தடங்களும் கல்லில் இருந்தன. விரல்களும் உள்ளங்காலும் தனித்தனியாகத் தெரிந்தன. குனிந்து தொட்டாள். ஈரம்.

நாய்க்கு உடம்பில் வேர்க்காது. பாதத்தில் வேர்க்கும், அதுவும் தாளமுடியாதபோது. முதல் வருஷப் பாடம் அது.

சுடலைவடிவு கதவோரம் நின்றிருந்தாள்.

*

மறுநாள் பியூலா முகப்பவுடர் டப்பாவை மாடியிலிருந்து எடுத்து வந்தாள். ஒவ்வொரு நாயையும் ஒளிக்கு முன் ஒருமுறையும், ஒளிக்குப் பின் ஒருமுறையும் கல்லில் நடக்கவிட்டாள். தடத்தின் மேல் பவுடர் தூவினாள்.

"நாய்க்குப் பவுடரு போடுதீங்க. பொண்ணு பாக்க வாராங்களா?" என்றாள் சுடலைவடிவு.

தடுப்பூசிக்கு வந்த குட்டி ஒன்று பயத்தில் லேசாகத் தடம் பதித்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஒளிக்கு வந்த நாய்களின் தடத்தில் பவுடர் முதல் முறை ஊதினால் பறந்தது. இரண்டாம் முறை கல்லில் ஒட்டிக்கொண்டது. ஐந்து நாய்க்கும் அப்படியே.

பியூலா ஒவ்வொரு தடத்தையும் மறுபடி ஊதிப் பார்த்தாள்.

கல்லூரியில் சொல்லிக்கொடுத்த முறை ஒன்று உண்டு. எல்லா மருத்துவர்களும் அப்படித்தான் செய்வார்கள். பெருவிரலால் மூட்டை அழுத்தும்போது நாயின் முகத்தைப் பார்க்கவேண்டும். காது பின்னால் போகும், உதடு இழுபடும், தலை திரும்பும். முகம் அசையவில்லை என்றால் வலி இல்லை. பதினெட்டு வருஷம் அவள் முகத்தைப் பார்த்தே வலியை அளந்தாள். நாய் முகத்தை மறைக்கும் என்று யாரும் சொன்னதில்லை. நாய் மறைக்கவும் செய்யாது.

கடைசியாக வந்தது ஒரு சிப்பிப்பாறை நாய். முன்காலில் பழைய முறிவு. ஒளி வைத்து முடிந்திருந்தது. பியூலா அதன் தொடையின் உள்பக்கம் இடது கை விரல்களை வைத்து நாடியைப் பிடித்தாள். வலது பெருவிரலால் முறிந்த இடத்தை அழுத்தினாள்.

முகம் அசையவில்லை. கண் அமைதியாக இருந்தது. இடது கை விரல்களுக்கு அடியில் நாடி துள்ளி ஓடியது.

விரலை எடுத்தாள். நாடி மெல்ல அடங்கியது. மறுபடி அழுத்தினாள். மறுபடி ஓடியது.

மூன்றாவது முறை அழுத்த அவளுக்கு மனம் வரவில்லை.

*

சுக்குவுக்கு எக்ஸ்ரே எடுத்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்தாள். பழைய படத்தில் மூட்டு தேய்ந்திருந்தது. புதிய படத்தில் மூட்டு என்று சொல்ல ஒன்றும் இல்லை. எலும்பின் தலை உரசி உரசித் தட்டையாகியிருந்தது.

கோமதிநாயகம் சார் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சுக்கு அவர் செருப்பின் மேல் தலை வைத்துப் படுத்திருந்தது.

"எது புதுசு?"

அவள் காட்டினாள்.

"தப்பாக் காட்டுதீங்க. இது ஓடுதே."

"ஓடுறதாலதான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொள்ளவில்லை.

"வலிச்சுக்கிட்டேவா ஓடுச்சு?"

"ஆமா சார்."

"வாலாட்டிக்கிட்டு வந்துச்சு டாக்டர். பந்தக் கொண்டாந்து கையில குடுத்துச்சு. நான் திரும்பப் போட்டேன்." அவர் குரல் இறங்கியது. "நாப்பது தடவ போடுவேன். எண்ணிக்கிட்டே போடுவேன்."

"நீங்க கூப்பிட்டீங்க. அது வந்துச்சு."

"நொண்டியிருந்தா போட்டிருப்பேனா?"

"மாட்டீங்க."

"ஒரு தடவ கத்தியிருந்தாக்கூட?"

அவர் குனிந்து சுக்குவின் காதைத் தடவினார். ஒளி வைக்கும் இடம் அது. அந்த இடத்தில் முடி கொஞ்சம் மெலிந்திருந்தது.

"உங்களுக்குத் தெரியாதா டாக்டர்?"

"தெரியாது சார்."

"நம்புதேன்" என்றார். நம்பியவர் குரலாக இல்லை. "ஊர்ல பாதிப் பேரு அந்த வீடியோவப் பாத்துட்டுத்தான் இங்க வந்தாங்க. அதுல இருக்கது நானும் நீங்களும்தான்."

அவர் நாயைத் தூக்க முயன்றார். முடியவில்லை. சுக்கு தானே எழுந்து நின்று, வாலை ஆட்டியபடி அவருக்கு முன்னால் நடந்தது. அவர் பின்னாலேயே போனார், ஒவ்வொரு அடியையும் பார்த்தபடி.

*

கிங்ஸ்லி ஞாயிற்றுக்கிழமை வந்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு, மாடியில் படுக்கையில் இருக்கும் அப்பாவைப் பார்க்க வருவான். கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் சாப்பிட்டுவிட்டு மாலை ரயிலுக்குக் கிளம்பிவிடுவான். அவனுக்கு ஆறு வயதில் அம்மா இறந்தாள். பியூலாவுக்கு அப்போது பதினைந்து. அவன் தலைக்கு எண்ணெய் வைத்ததும் பரீட்சைக்கு எழுப்பியதும் அவள்தான். அவன் அவளை எந்தச் சின்ன விஷயத்திலும் ஏமாற்றியதாக அவளுக்கு நினைவில்லை.

அவனைக் கீழே கூப்பிட்டாள். ஆஸ்பத்திரி பூட்டியிருந்தது. அவன் கையில் ஒரு துணிப்பை. மேசை மேல் வைத்தான்.

"என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு."

"விரிப்பு எதுக்குல?"

"என்ன?"

"நீல விரிப்பு. எதுக்கு?"

"வழுக்காம இருக்க. கல்லுத் தரைலா."

"மொசைக் தரை போட்ட மத்த ஆஸ்பத்திரிக்கு?"

"அதுவும் வழுக்கும்."

"பழசத் திருப்பி எடுத்துட்டுப் போறது எதுக்கு? அதையும் வழுக்காம வச்சுக்கவா?"

அவன் சிரிக்கப் பார்த்தான். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். தரையில் பவுடர் தடங்கள் இன்னும் இருந்தன. சுடலைவடிவு அந்த இடத்தை மட்டும் துடைக்காமல் விட்டிருந்தாள். கிங்ஸ்லி அவற்றைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"எத்தன நாளாத் தெரியும்?" என்றாள் பியூலா.

"ரெண்டு வருசமா."

"ரெண்டு வருசமா?"

"லைட்டு வந்து மூணாவது மாசமே. மதுரையில ஒரு டாக்டர் தரை ஈரமாகுதுன்னு சொன்னாரு. அதுக்கப்புறம் பாத்தோம்."

"பாத்துட்டு?"

"விரிப்புப் போட்டோம்."

தெருவில் யாரோ பூ விற்றுக்கொண்டு போனார்கள்.

"புரியிற மாதிரி சொல்லு" என்றாள்.

"ரெண்டு வழி இருக்குக்கா. வலி மேல போற வழி ஒண்ணு. வலிக்குன்னு வெளிய காட்டுற வழி ஒண்ணு. கத்துறது, நொண்டுறது, மூஞ்சி சுளிக்கது எல்லாம் ரெண்டாவது. நாங்க மொத வழியத்தான் அடைக்கப் பாத்தோம். சத்தியமா. ரெண்டாவது அடைஞ்சுட்டு. நாய் எந்திரிச்சு நடந்துச்சு. எல்லாரும் கைதட்டுனாங்க. வலி போயிட்டுன்னு நாங்களும்தான் நெனச்சோம்."

"பாதம்?"

"வேர்வைக்கு வேற நரம்பு. லைட்டு அங்க போவாது."

"மூட்டுல வைக்கிற ஆறு நிமிசம்?"

"அது நெசம். கொஞ்சம் வீக்கம் வடியும். பழைய லேசர் என்ன செய்யுமோ அது."

"காதுக்குப் பின்னாடி வைக்கது?"

"அதுதான் ரெண்டாவது வழிய அடைக்கது."

"ஆறு வாரம் கட்டிப்போட்டு வச்சிருந்தா ஆறியிருக்கும்ல, பாதி நாயி. வலிச்சா ஓடாது. ஓடலன்னா ஆறும். வலி எதுக்கு இருக்குன்னு உனக்குத் தெரியாதா?"

"யாரு கட்டிப்போடுதா? சொல்லு. கூட்டிட்டு வாரவிய எல்லாருக்கும் அன்னைக்கே நடக்கணும்." அவன் குரல் உயர்ந்தது. "தண்ணொளி வாரதுக்கு முந்தி வருசத்துக்கு எத்தன நாய்க்கு நீ கடைசி ஊசி போட்ட?"

அவள் மருந்து அலமாரியைப் பார்த்தாள்.

"போன வருசம் எத்தன?"

அவளுக்குத் தெரியும். போன வருஷம் நான்கு. அதற்கு முன்பெல்லாம் ஐம்பதுக்குக் குறையாது.

"ஊசி போடச் சொல்லுதது நாய்க்கு வலிக்கேன்னு இல்லக்கா. அதப் பாக்க முடியல, அதுக்குத்தான். கண்ணுல படலன்னா நாய் உயிரோட இருக்கு."

"வலியோட."

"உயிரோட."

"கத்தக்கூட முடியாம."

அவன் எழுந்து ஜன்னலருகே போனான். முதுகைக் காட்டி நின்றான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"என்கிட்ட ஏம்ல சொல்லல?"

"சொன்னா நீ வச்சிருக்கமாட்ட."

"மாட்டேன்."

"நீ வச்சாத்தான் மத்தவிய வைப்பாங்க. உன் கைய எல்லாரும் நம்புவாங்க."

அவன் அதைப் பாராட்டுப் போலச் சொன்னான். பியூலா தன் கைகளைப் பார்த்தாள். இருநூற்றுப் பதினான்கு நாய்கள். எல்லாமே அவளைக் கண்டதும் மேசையில் தானாக ஏறி நின்ற நாய்கள்.

அவள் பார்வை துணிப்பையில் விழுந்தது. பையின் வாய் திறந்திருந்தது. ஆரஞ்சு, பிஸ்கட், அதன் அடியில் சாம்பல் நிறத்தில் தடித்த சாக்ஸ். பன்னிரண்டு ஜோடி. மாதாமாதம் அவன் கொண்டுவருவதுதான். முதல்முறை கொண்டுவந்தது சித்திரையில். "இந்த வெயில்ல எதுக்கு சாக்ஸு?" என்று சுடலைவடிவு கேட்டபோது, "ரத்த ஓட்டத்துக்கு" என்றான். தம்பிக்கு அப்பா மேல் எவ்வளவு அக்கறை என்று அன்று பியூலா நினைத்தாள்.

அவள் ஒரு ஜோடியை எடுத்தாள். விரலால் அழுத்திப் பார்த்தாள். விரிப்பின் துணி அது. நிறம் மட்டும் வேறு.

"கிங்ஸ்லி."

அவன் திரும்பவில்லை.

"அப்பாவுக்கு நான்தானல லைட்டு வைக்கேன்."

"நான் வேணாம்னேன். ரெண்டு தடவ சொன்னேன்."

"ஏன்னு சொல்லல."

"சொல்லல."

*

அவர்கள் அப்பா ஆசீர், பஸ் கண்டக்டராக இருந்தவர். திருநெல்வேலி நாகர்கோவில் ரூட்டில் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே வந்தவர். மூன்று வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கத்தையும் பேச்சையும் எடுத்துக்கொண்டது. இடது கையைக்கூட ஒழுங்காக ஆட்டமுடியாது. ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியது. அடித்தொண்டையிலிருந்து வரும் நீளமான "ஆ". தண்ணீருக்கு ஒரு மாதிரி, புரட்டிப் படுக்கவைக்க ஒரு மாதிரி, வலிக்கு ஒரு மாதிரி. பியூலாவுக்கு மூன்றும் தெரியும். போன தையில் இடுப்பு வலி அதிகமாகி, வலியின் சத்தம் மட்டும் இருபத்தாறு நாள் நிற்காமல் கேட்டது. சிறுநீரகம் தாங்காது என்று மாத்திரையைக் குறைத்திருந்தார்கள். அவளால் சாப்பிட முடியவில்லை, கீழே நாயின் இதயத்துடிப்பைக் காதில் வாங்க முடியவில்லை. அவள்தான் தம்பிக்குப் போன் செய்தாள். "நாய்க்கு வைக்கத அப்பாவுக்கு வச்சா என்னல?" ஆளுக்கு வைக்க அனுமதி இல்லை என்றான். கெஞ்சினாள். மூன்றாவது முறை கேட்டபோது சரி என்றான்.

அவள் கையாலேயே வைத்தாள். இடுப்பில் ஆறு நிமிடம். காதுக்குப் பின்னால் இரண்டு. சத்தம் நின்றது. பிறகு ஒன்பது நாளைக்கு ஒருமுறை வைத்துவந்தாள். ஒன்பது மாதமாக வீடு அமைதியாக இருந்தது.

இப்போது அவள் மாடிப்படி ஏறினாள். அப்பா விழித்திருந்தார். முகம் தெளிவாக இருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கர்த்தருடைய கிருபை என்று சொல்லிவிட்டுப் போன முகம்.

போர்வையை விலக்கினாள். சாக்ஸைக் கழற்றினாள். கையில் கனத்தது. உள்ளங்கால் தோல் வெளுத்து, நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறியது போலச் சுருங்கியிருந்தது.

இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். வலது பெருவிரலை இடுப்பில் வைத்தாள். லேசாகத்தான் அழுத்தினாள். அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

*

மறுநாளிலிருந்து நாய்களுக்கும் அப்பாவுக்கும் தண்ணொளியை நிறுத்தினாள். இருநூற்றுப் பதினான்கு வீட்டுக்கும் போன் செய்தாள். நடந்ததைச் சொன்னாள், தன் பெயரைச் சொல்லியே சொன்னாள். சிலர் திட்டினார்கள். ஒருவர் வாசலில் வந்து நின்று அவள் பெயர்ப்பலகை மேல் துப்பினார். அதைவிட அவளைக் கலங்கடித்தது, தணிந்த குரலில் பேசியவர்கள்.

"டாக்டர், நல்லாத்தான இருந்துச்சு? அதையே வைங்களேன்."

"வலிக்குங்க அதுக்கு."

"ராத்திரி பூரா ஊளையிடுது டாக்டர். பிள்ளைங்க படிக்கணும். நாங்க தூங்கணும்லா."

அவள் வீடியோவை எடுக்கச் சொன்னாள். கிங்ஸ்லி அன்றே எடுத்துவிட்டான். இரண்டு நாளில் புது வீடியோ ஒன்றில் வேறொரு ஊரின் வேறொரு மருத்துவர், வேறொரு நாயோடு அதே வாக்கியத்தைச் சொன்னார். அவள் கண்டதை எழுதி, எக்ஸ்ரே படங்களோடு அனுப்பவேண்டிய இடங்களுக்கெல்லாம் அனுப்பினாள். பதில் எதுவும் வரவில்லை. தம்பி போன் செய்தபோது அவள் எடுக்கவில்லை. பிறகு அவனும் செய்யவில்லை.

அப்பாவுக்கு வலி மருத்துவம் பார்க்கும் டாக்டர் ஒருவரை வரவழைத்தாள். அவர் தோளில் ஒட்டும் மருந்து கொடுத்தார். சிறுநீரகத்துக்குப் பாதகமில்லாதது. முழுதாகப் போகாது, பாதியாவது குறையும் என்றார். பாதியாவது நிஜமாகக் குறையட்டும் என்று நினைத்தாள்.

"எவ்வளவு வலிக்குன்னு அவருதான் சொல்லணும்" என்றார் அந்த டாக்டர். "அதவச்சுத்தான் அளவு பாக்கணும். சத்தம் குடுப்பாரா?"

"குடுப்பாரு. லைட்டு ஒன்பது நாளைக்குத்தான் நிக்கும்."

அவள் காத்திருந்தாள். இருபத்தாறு நாள் காதைப் பொத்திக்கொண்டு எந்தச் சத்தம் நிற்கவேண்டும் என்று ஜெபித்தாளோ, அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். வேலை நேரத்தில் அப்பாவைச் சுடலைவடிவு பார்த்துக்கொண்டாள். மற்ற நேரமெல்லாம் பியூலா அப்பாவின் கட்டில் அருகே நாற்காலியில் இருந்தாள். ஒன்பதாம் நாள் வந்தது. அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்காப்பா? சொல்லுங்கப்பா."

அவர் கண் அவள் பக்கம் திரும்பியது. தங்கியது. மறுபடி கூரைக்குப் போனது.

பத்தாம் நாளும் சத்தம் இல்லை. பதினொன்றாம் நாளும் இல்லை. பாதம் முன்பைவிடக் காய்ந்திருந்தது, ஆனால் முழுதாகக் காயவில்லை. ஒளி நரம்பை நிரந்தரமாகச் சுட்டுவிட்டதோ என்று பயந்தாள். நாய்களுக்கெல்லாம் சத்தம் திரும்பிவிட்டிருந்தது. சுக்கு பத்தாம் நாள் கத்தியது என்று கோமதிநாயகம் சார் போன் செய்து சொன்னார். சொல்லும்போது அழுதார். சந்தோஷத்திலா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் முற்பகல் அவர் சுக்குவைக் கொண்டுவந்தார். இந்த முறை போர்வையில் வைத்து இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். பியூலா நெருங்கியதும் சுக்கு மேசையில் பின்னால் நகர்ந்தது. அவள் கை காதுப் பக்கம் போனபோது உறுமியது. பதினோரு வருஷத்தில் அது யாரைப் பார்த்தும் உறுமியதில்லை.

"டேய், டாக்டர்டே" என்றார் கோமதிநாயகம் சார், சங்கடமாக.

"இருக்கட்டும் சார். காட்டட்டும்."

கையைக் கீழே வைத்துக்கொண்டாள். அது முகர்ந்து பார்க்கும்வரை அப்படியே நின்றாள். அது முகரவில்லை.

அப்போதுதான் மேலே கேட்டது.

நீளமான "ஆ". அடித்தொண்டையிலிருந்து. வலிக்குரியது.

பியூலா படி ஏறி ஓடினாள். பாதிப் படியில் மறுபடி கேட்டது. இந்த முறை கொஞ்சம் தணிந்து, நடுவில் உடைந்து, மறுபடி எழுந்தது. ஒன்பது மாதத்துச் சேதியை யாருக்கோ விவரமாகச் சொல்வது போல இருந்தது.

கதவைத் திறந்தாள்.

சுடலைவடிவு தரையில் உட்கார்ந்து, அப்பாவின் இரண்டு பாதத்தையும் மடியில் வைத்து, பழைய துண்டால் விரலிடுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் முகம் சுருங்கிக் கோணியிருந்தது. கண்ணில் நீர்.

அவர் பியூலாவைப் பார்த்தார்.

சத்தம் நின்றது. முகம் ஒவ்வொரு மடிப்பாக நேரானது. கூரையைப் பார்க்கத் தொடங்கினார்.

"வந்துட்டீங்களா டாக்டரம்மா" என்றாள் சுடலைவடிவு, துடைப்பதை நிறுத்தாமல். "மூணு நாளா மெதுவாப் பேசுதாரு, இன்னைக்குத்தான் இப்பிடிச் சத்தமா. இடது பக்கந்தான் ரொம்ப வலிக்காம். உங்ககிட்டயும் சொல்லியிருப்பாருன்னுலா நெனச்சேன்."

பியூலா நாற்காலியைப் பார்த்தாள். அதில் உட்காரவில்லை. அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். சுவரில் சாய்ந்து நின்றாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு உள்ளே அப்பா மறுபடி பேசத் தொடங்கினார்.